கரிசல் வீட்டுக் காவல்

கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரம், விளாத்திகுளம் என்று விரிந்து செல்லும் கரிசல் பூமி, ஐப்பசி கார்த்திகையில் காலைப் பற்றினால் விடாத களியாகவும், சித்திரை வைகாசியில் சாட்டைக்கம்பை உள்ளே விட்டால் அடி தட்டாத வெடிப்பாகவும், வருஷத்துக்கு இருமுறை தன் சுபாவத்தை மாற்றிக்கொள்வது. பெய்கிற மழை ஏறக்குறைய 730 மில்லிமீட்டர்; அதிலும் பெரும்பகுதி வாடைக் காற்றோடு வந்து சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். இந்த மண்ணில் பருத்தியும் கம்பும் சோளமும் எவ்வாறு பிழைக்கும் என்று ஆராய்வதற்காகக் கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டிலேயே ஒரு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. பயிரோடு கூடவே மனிதரும் இங்கே பிழைத்தார்கள். அவர்கள் பிழைத்த விதத்தை நான் கற்றுக்கொண்டது என் ஆச்சியின் வீட்டில்.

ஆச்சி எழுதப் படிக்க அறியாதவள். ஆரோக்கியம், சுகாதாரம் என்ற வார்த்தைகள் அவள் வாயில் வந்ததில்லை. "ஜாக்கிரதையா இரு" என்று பிறரிடம் சொல்வதில் அவளுக்கு நம்பிக்கையே கிடையாது. மறதி குழந்தைக்கு உண்டு, கிழவருக்கு உண்டு, காட்டு வேலையும் கடன் கவலையுமாக அலைகிற நடுவயதுக்காரருக்கோ மற்ற இருவரையும்விட அதிகமாகவே உண்டு என்பதைக் கண்டுகொண்டிருந்த அவள், ஒருவர் மறந்துபோனாலும் தீங்கு நேராதபடி வீட்டுப் பொருள்களை அதனதன் இடத்தில் வைத்துவிடுவதையே தன் காரியமாகக் கொண்டிருந்தாள். அந்த ஏற்பாடுகளின் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை. வீடென்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

முதலாவது தண்ணீர். எங்கள் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் உப்பு. மாட்டுக்கும் தோட்டத்துக்கும்தான் ஆகும். குடிப்பதற்கு ஊருணி. ஓடைவழியாக வந்து சேரும் மழைநீர் மண்ணின் சாயத்தையும் கொண்டுவருமாகையால், குடத்தில் மொண்டுவந்த நீர் பார்ப்பதற்குக் கலங்கலாக இருக்கும். ஆச்சி பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை நன்றாக உரைத்துவிட்டு, தாத்தாவின் பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வாயில் கட்டி, அதன் வழியாகத் தண்ணீரை ஊற்றிவைப்பாள். விடிந்து பார்த்தால் வண்டல் முழுதும் அடியில் படிந்து, மேல்நீர் தெளிந்து நிற்கும். பானைக்கு மேலே, நின்றால் கைக்கு எட்டுகிற இடத்தில், நீண்ட காம்புள்ள சிரட்டை அகப்பை ஒன்று ஆணியில் தொங்கும். தண்ணீரை அதனால் மொண்டு செம்பில் ஊற்றிக் குடிக்கவேண்டியதே தவிர, பானைக்குள் கைவிடும் வழக்கம் விருந்தாளிக்கும் கிடையாது. சிறுபிள்ளைகளுக்கு அகப்பை எட்டாது. பெரியவர் யாரேனும் மொண்டு கொடுக்கவேண்டும். வயலிலிருந்தும் தொழுவத்திலிருந்தும் வருகிற கைகள் குடிநீரைத் தொடாமலிருப்பதற்கு இதைவிடச் சுலபமான உபாயம் இருந்திருக்க முடியாது.

துணியின் காரணம் தாத்தாவின் காலில் இருந்தது. அவருடைய இடது கணுக்காலுக்கு மேலே சுருங்கிய பழைய தழும்பு ஒன்று உண்டு. வாலிபத்தில் அவரை நரம்புச் சிலந்தி கண்டிருந்தது. இன்றைய பிள்ளைகள் அந்தப் பெயரையே கேட்டிருக்கமாட்டார்கள். நீரில் வாழும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான ஒரு சிறு பூச்சியினுள்ளே அந்தப் புழுவின் குஞ்சு இருக்கும். அந்த நீரைக் குடித்தவன் உடம்பில் அது ஏறக்குறைய ஒரு வருஷம் வளர்ந்து, ஒரு மீட்டர் நீளம்கூட எட்டி, பெரும்பாலும் காலில் கொப்புளம் கண்டு வெளியே தலைகாட்டும். எரிச்சல் தாங்காமல் நோயாளி ஊருணிப் படியில் இறங்கிக் காலை நனைப்பான்; நனைத்த கணத்தில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் மறுபடியும் ஊர் குடிக்கிற நீரில் கலந்துவிடும். புழுவை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சிறிதாக, அறுந்துவிடாமல் வாரக்கணக்கில் இழுக்கவேண்டும். அறுந்தால் கால் சீழ் வைத்துவிடும். தாத்தா ஒரு வெள்ளாமைக் காலம் முழுதும் திண்ணையிலேயே கிடந்ததாக ஆச்சி சொல்வாள். அதன்பிறகே பானை வாய்க்குத் துணி வந்தது. ஊருணிக்குள் காலை வைக்கக்கூடாது, கரையில் நின்றே மொள்ளவேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் கட்டுப்பாடு செய்து, அதைக் கவனிக்க ஒரு காவல்காரரையும் அமர்த்தி, அவருக்குக் களத்தில் தானியம் அளந்தார்கள்.

பிற்காலத்தில் இந்திய அரசு இந்நோயை ஒழிப்பதற்கென்று 1983–84இல் தனித் திட்டம் வகுத்தபோது, ஊர் ஊராகச் சென்ற சுகாதாரப் பணியாளர்கள் ஜனங்களுக்குச் சொன்னவற்றில் முக்கியமானவை, துணியால் வடிகட்டுங்கள், புண்ணோடு நீரில் இறங்காதீர்கள் என்ற இரண்டுதான். இந்நோய்க்குத் தடுப்பூசி கிடையாது. புழுவைக் கொல்லும் மருந்தும் கிடையாது. அப்படியிருந்தும் நாட்டின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானத்து ஜோத்பூர்ப் பக்கம் காணப்பட்டதோடு அது முடிந்தது. 2000 பிப்ரவரியில் இந்தியா அதிலிருந்து விடுபட்டதென்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்று அளித்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று ஆச்சி உயிரோடில்லையே என்று மனம் மிகவும் ஏங்கிற்று.

துணிக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லவேண்டும். பூச்சியைத் தடுக்கும் துணி, பேதியையும் மஞ்சள் காமாலையையும் கொண்டுவரும் நுண்கிருமிகளைத் தடுக்காது. அதற்குத் தண்ணீர் கொதித்தே ஆகவேண்டும். கொதித்தாலும் போகாத தோஷம் ஒன்றும் எங்கள் மாவட்டத்தில் சில இடங்களின் நிலத்தடி நீரில் உண்டு: ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் வளரும் பிள்ளைகளின் பல்லில் பழுப்புத் திட்டு விழும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் விறைத்துப்போகும். காய்ச்சினால் நீர் வற்றி அதன் அளவு கூடுமே ஒழியக் குறையாது. ஆழ்குழாய் நீரைக் குடிக்கிற குடும்பம் அதை ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்ப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

இன்று கோவில்பட்டிக்குச் சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணி குழாய்வழி வருகிறது. நல்ல தண்ணீர், ஆனால் தினந்தோறும் வந்துகொண்டிருந்ததில்லை. ஆகவே வீடுதோறும் பிளாஸ்டிக் டிரம்முகளும் சிமெண்டுத் தொட்டிகளும் பெருகின. டெங்குவைப் பரப்பும் கொசு சாக்கடையை நாடாது. இப்படிச் சேமித்துவைத்த தெளிந்த நீரையே தேடி வந்து, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் முட்டை போகாது. மாதக்கணக்கில் காய்ந்தபடியே உயிரோடிருந்து, நீர் பட்டதும் பொரியும். ஆகையால் வாரத்துக்கு ஒருநாள் டிரம்மைக் காலிசெய்து, நார் போட்டு உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் காயவைத்து, வாயைத் துணியால் இறுகக் கட்டவேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு வெள்ளிக்கிழமையை வைத்திருக்கிறோம். வீடு கழுவுகிற நாள் என்பதால் மறப்பதில்லை.

தாத்தாவுக்கு வயது ஏறியபின் ஆச்சி அவருக்காகச் செய்த ஓர் ஏற்பாட்டை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கத்திரி வெயிலில் கிழவர்கள் திண்ணையிலேயே துவண்டு விழுவது எங்கள் பக்கத்தில் அபூர்வமன்று. வயது முதிரும்போது தாகம் என்ற உணர்ச்சியே மங்கிவிடுகிறது. உடம்பில் நீர் வற்றினாலும் நாக்கு அதைத் தெரிவிப்பதில்லை. வைத்தியர்கள் இதை எனக்குச் சொன்னது வெகுகாலம் கழித்து. ஆச்சி அதை எப்படியோ அறிந்திருந்தாள். "தாகமில்லை தாயி" என்பார் தாத்தா. அவள் வாதாடமாட்டாள். கோவில்பட்டி ஆலைச் சங்கு காற்று வாக்கில் எங்கள் ஊர்வரைக்கும் கேட்கும்; சங்கு ஊதினால் ஒரு செம்பு நீராகாரமோ, உப்பிட்ட மோரோ, கம்பங்கூழைக் கரைத்ததோ அவர் கைக்கு வந்துவிடும். சங்குக்குக் குடிக்கவேண்டும் என்பது அவருக்கும் பழகிப்போயிற்று. பின்னாளில் எங்கள் பாட்டனார் வழியில் எத்தனையோ முதியவர்களை நான் பார்த்துவிட்டேன். "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று மகனும் மகளும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருக்க, பக்கத்தில் ஒரு தம்ளர் வைக்க ஆளில்லாமல், மயங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள் அவர்களில் உண்டு. சிறுநீரகக் கோளாறோ இருதய நோயோ உள்ளவர்களுக்கு நீரின் அளவை டாக்டர்தான் தீர்மானிக்கவேண்டும். மற்றவர்களுக்கு ஒரு சங்கு வேண்டும், கொடுக்க ஒரு கை வேண்டும்.

தீப்பெட்டித் தொழில் எங்கள் சீமைக்கு வந்த கதை பலரும் அறிந்தது. சிவகாசி அய்யநாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று கற்றுவந்ததிலிருந்து அது சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று பரவிற்று. அதற்கு ஏறக்குறைய பத்து ஆண்டுக்கு முன்பே, 1913இல், வெண்பாஸ்பரசு சேர்த்த தீக்குச்சியை இந்தியாவில் சட்டம் தடுத்துவிட்டது. தொழிலாளியின் தாடையெலும்பையே அரித்துவிடுகிற விஷமென்று 1906இல் பெர்ன் நகரில் பல தேசத்தார் கூடி முடிவு செய்ததன் பயன் அது. ஆகவே எங்களை வந்தடைந்தது, குச்சியின் தலையில் ஒரு மருந்தும் பெட்டியின் பக்கத்தில் வேறொரு மருந்துமாகப் பிரிந்து, இரண்டும் உரசினாலன்றித் தீப்பற்றாத பத்திரமான தீப்பெட்டி. ஆனால் அதுவே வீட்டுக்குள் வந்தபோது வேறு அபாயங்களும் வந்தன.

எங்கள் தெருவில் பெண்கள் தீப்பெட்டி ஆபீசிலிருந்து சில்லும் காகிதமும் வாங்கிவந்து திண்ணையில் பெட்டி ஒட்டுவார்கள். ஒட்டுவதற்கு மைதாவைக் காய்ச்சிய பசை. பூச்சி அரிக்காமலும் புளித்துப்போகாமலும் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பதுண்டு. துத்தம் விஷம். பசையோ, ஆறியபின் பார்த்தால் பிள்ளைக்கு ஊட்டுகிற கஞ்சிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆச்சி அந்தப் பசையை அடுப்படியில் காய்ச்ச விடமாட்டாள். பின்வாசலில் மூன்று கல் வைத்துத் தனி அடுப்பு. விளிம்பு உடைந்த ஒரு மண்சட்டி. அதன் கழுத்தில் சிவப்புக் கயிறு. அந்தச் சட்டி வீட்டு நடையைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. வீட்டுப் பாத்திரம் எதுவும் பசைக்காக வெளியே போனதுமில்லை. ஒட்டி முடித்தவர்கள் சீயக்காய்த் தூளால் கை கழுவினாலொழியச் சோறு கிடைக்காது. இன்றைக்கு நகரத்து வீடுகளில் கழிவறை அமிலத்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றிக் குளியலறை மூலையில் வைத்திருப்பதைக் காணும்போது, அந்தச் சிவப்புக் கயிறு கட்டிய சட்டியை எல்லோருக்கும் எடுத்துக் காட்டவேண்டும் போலிருக்கிறது. தின்னும் பண்டமும் குடிக்கும் பானமும் இருந்த பாத்திரத்தில் விஷப்பொருளை ஊற்றிவைப்பதைப் போன்ற கொடுமை, அறியாமையால் செய்யப்படுவதாயினும், வேறில்லை.

கரிசல் வெடிப்பு பாம்புக்கும் தேளுக்கும் வீடு. பருத்தி எடுத்து முடிந்ததும் செடியைப் பிடுங்கிக் கட்டி, வருஷத்து விறகாகப் படப்பு வைப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் பருத்திமார்ப் படப்பு சுவரோடு ஒட்டி நிற்கும். எங்கள் வீட்டில் முற்றத்தைத் தாண்டி வேலியோரம். எடுக்கப் போகிறவள் முதலில் கம்பால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, மேல்கட்டையே எடுக்கவேண்டும். நடையில் அரிக்கேன் விளக்கும் ஒரு கம்பும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். விளக்கை எடுக்கிற கை கம்பையும் எடுத்தாகவேண்டும். பிள்ளைகளுக்குத் தரையில் பாய் கிடையாது. கோடையில் வெளியே படுத்தாலும் கயிற்றுக் கட்டில்தான். கட்டுவிரியன் இரவில் ஊர்ந்து வந்து, தரையில் உறங்குகிறவரை வலியே தெரியாமல் கடித்துவிடும். தடம்கூடத் தெளிவாக இராது. விடியற்காலை வயிற்றுவலி, பிறகு இமை தொங்குதல், பேச்சுக் குழறுதல், மூச்சுத் திணறல் என்று வந்தபிறகே கடி என்று புரியும். கட்டிலும், நான்கு பக்கமும் செருகிய கொசுவலையும் இதற்கு இன்றும் நல்ல காப்பு.

ஆனால் கடித்தபின் செய்த வைத்தியத்தில் ஆச்சியின் தலைமுறை பிழைபட்டிருந்தது. அவளிடம் எனக்குள்ள பக்தி இதை மறைக்கலாகாது. கயிற்றால் இறுகக் கட்டுவது, கத்தியால் கீறுவது, பார்வை பார்க்க ஆளைத் தேடி ஊர் ஊராக அலைவது ஆகிய மூன்றும் உயிரைக் காக்கமாட்டா; இறுகிய கட்டு காலையே அழுகச் செய்துவிடும். கடிபட்டவரைப் பதறவிடாமல், நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை ஒரு சிம்பு வைத்து அசையாமல் தளரக் கட்டி, 108க்குச் சொல்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே செய்யவேண்டியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே விஷமுறி மருந்து அங்கே உண்டு. ஆகையால் பாம்பை அடித்து எடுத்துவரவேண்டிய அவசியமுமில்லை.

இன்னொரு பிழை அதைவிடத் துயரமானது. என் சித்தியின் முதற்குழந்தை, பால் மறந்த பருவத்தில், வாந்தியும் பேதியுமாக ஒரு பகலும் ஓர் இரவும் கிடந்து இறந்தது. தண்ணீர் கொடுத்தால் பேதி கூடும் என்று ஊரே நம்பியது. உதடு வறண்டு அழுத குழந்தைக்கு ஈரத்துணியால் வாயைத் துடைத்தார்கள். கண்ணீர் வராமல் அழுத அந்த முகம் எனக்கு இப்போதும் தெரிகிறது. அந்த நம்பிக்கைக்கு நேர்மாறாக, 1971இல், வங்க அகதிகள் காலராவால் மடிந்துகொண்டிருந்த பன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ், நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைப் பெரிய பீப்பாய்களில் நிரப்பித் தாய்மார் கையாலேயே வாய்வழி புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு, அந்தக் கரைசல் பெற்றவர்களிடையே நான்குக்கும் கீழே இறங்கியது. சர்க்கரை கூட இருந்தால்தான் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சும் என்பதே அதன் சூட்சுமம்.

அந்தச் செய்தி எங்கள் ஊருக்கு ஒரு கிராம செவிலியர் மூலமாக வந்தது. அம்மா அதைக் கேட்டுவந்த அன்றே ஒரு கண்ணாடிப் புட்டியில் சரியாக ஒரு லிட்டர் அளந்து கோடு கீறி, ஒரு தேக்கரண்டியை நூலால் அதன் கழுத்தில் கட்டி அலமாரியில் வைத்துவிட்டாள். காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டர். தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. உப்பு மிஞ்சினால் அதுவே குழந்தைக்குக் கேடாகும் என்பதால் கைப்பிடிக் கணக்கு கூடாது. இப்போது கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் பொட்டலம் இதைவிடச் சிறந்தது; துத்தநாக மாத்திரையைப் பேதி நின்றபின்னும் விடாமல் பதினான்கு நாள் கொடுக்கவேண்டும்; தாய்ப்பாலை ஒரு வேளையும் நிறுத்தக்கூடாது. குழந்தை சோர்ந்து கண் குழிந்தாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே மருத்துவமனை. சித்திக்கு அதன்பின் பிறந்த மூன்று குழந்தைகளும் அந்தப் புட்டியின் கரைசலைக் குடித்து வளர்ந்தவர்கள்.

அறுபதுகளின் கடைசியில் பருத்திக்கு மருந்தடிப்பது எங்கள் ஊரில் பரவிற்று. எண்ட்ரின், ஃபாலிடால் என்ற பெயர்கள் பாட்டிமாருக்கும் மனப்பாடம். மழை பொய்த்த வருஷங்களில் அந்தத் தகரங்களால் நேர்ந்த சாவுகளை நான் விவரிக்க விரும்பவில்லை. அவற்றில் பல, ஒரு நாழிகைக் கோபத்திலோ அவமானத்திலோ நிகழ்ந்தவை என்பதும், அந்த ஒரு நாழிகையில் தகரம் கைக்கு எட்டாமலிருந்தால் அவர்களில் பலர் முதுமை எய்தியிருப்பார்கள் என்பதும் என் திடமான நம்பிக்கை. இலங்கையில் 1995 முதல் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததும், தற்கொலை விகிதம் பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாக இறங்கிவிட்டது; வாழ்வின்மீது வெறுப்பு அங்கே குறைந்துவிடவில்லை, விஷம் எட்டாமல் போயிற்று. இந்தியாவில் எண்டோசல்ஃபானை 2011 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் தடுத்தது. எலிக்கு வைக்கும் மஞ்சள் பாஸ்பரசுப் பசையோ, 1913இல் தீக்குச்சியிலிருந்து விலக்கிய அதே விஷம். பற்பசை என்று எண்ணிப் பல் தேய்த்துக் கல்லீரல் கெட்டுப்போன பிள்ளைகள் உண்டு. அத்தகைய குழாயை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் கொண்டுவரலாகாது.

அப்பா எங்கள் காட்டுக் கிணற்று மோட்டார் அறையில் பூட்டுள்ள மரப்பெட்டி ஒன்று செய்துவைத்தார். மருந்து அங்கேயே இறங்கும், அங்கேயே தீரும். காலித் தகரத்தை ஓட்டைபோட்டுப் புதைத்துவிடுவார். சாவி அவரிடமன்று, அம்மாவிடம். மருந்து வேண்டுமென்றால் அவர் கேட்டு வாங்கவேண்டும். கேட்கிற முகத்தை அம்மா பார்ப்பாள். கடன்காரர் வந்துபோன நாளில் ஒருதரம், "இன்னைக்கு வேண்டாம், நாளைக்கு அடிச்சுக்கிடலாம்" என்று அவள் சாவியைத் தராமலிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவும் மறுபேச்சுப் பேசாமல் மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் இப்போது விவசாயம் செய்கிற என் தம்பி மகன், ஒரு அடிப்புக்குத் தேவையான அளவை மட்டுமே வாங்குகிறான்; மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவராமல் கடைக்காரரிடமே விட்டுவைக்க ஒப்புக்கொள்ளச் செய்திருக்கிறான். அவனைப் பார்த்து அந்தத் தெருவில் இன்னும் நான்கு வீட்டார் அப்படியே செய்கிறார்கள். மனம் தளர்ந்த நேரத்தில் யாரிடமாவது பேசுவதற்கு 104 என்ற எண்ணும், 14416 என்ற எண்ணும் இருப்பதை நான்தான் அவர்களுக்குச் சொன்னேன். ரேஷன் கார்டு வைக்கிற மாடத்துக்கு மேலே, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.